முதல் தண்ணீர் எஞ்சினுக்கு

கொழும்பு விமான நிலையத்தில் என் பையைத் திறந்த சுங்க அதிகாரி, முறுக்கையும் எள்ளுருண்டையையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பனியனில் சுற்றி வைத்திருந்த நான்கு கறுப்புக் கட்டைகளை எடுத்து முகர்ந்து பார்த்தார். இது என்ன என்றார். காருக்குப் போடும் பிரேக் கட்டை என்றேன். ஏன், இலங்கையில் பிரேக் கட்டை கிடைக்காதா என்றார். கிடைக்கும், ஆனால் இது பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கானது, சூடேறச் சூடேறத்தான் நன்றாகப் பிடிக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் என் நரைத்த தலையையும் தொப்பையையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் ஓட்டவா?" என்று அவர் கேட்ட தொனியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்புகளுக்கு வார்ப்பிரும்புப் பாகங்கள் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. சில ஞாயிறுகளில் அதை என்னைப் போன்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. அவரவர் காரை அவரவர் ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒரு நாள் ஓட்டிவிட்டு நாலு நாள் காருக்கு அடியில் படுத்துக் கிடப்போம். என் மனைவி இதைக் கிறுக்கு என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவாள்.

இந்தக் கிறுக்கர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு உண்டு. அதில் மூன்று வருடம் முன்பு வந்து சேர்ந்தவள் ஜெனிற்றா. முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்துகிற பெண். யாரோ மழையில் போட்டுவைத்திருந்த முப்பது வருடப் பழைய ஜப்பான் காரை வாங்கியிருந்தாள். இரண்டே இருக்கை, தாழ்ந்த உடம்பு, எங்களைப் போன்றவர்கள் கனவில் ஓட்டும் ஜாதி. "அண்ணை, ஒரு சின்னக் கேள்வி" என்று அவள் குரல்பதிவு வந்தால் என் அன்றைய சாயங்காலம் போயிற்று என்று அர்த்தம். அப்படிக் கேட்டுக் கேட்டே அந்தக் காரைக் கடைசி ஆணிவரை பிரித்துப் பூட்டி ஓட வைத்துவிட்டாள்.

போன மாதம் வந்த குரல்பதிவில் கேள்வி சின்னதாக இல்லை. "அண்ணை, அப்பாவின்ர படகு எஞ்சின் முடிஞ்சுது. இனித் திருத்த ஏலாது. புதுசு எடுக்க வேணும், அதுக்குக் காரைக் குடுக்கப் போறன். அடுத்த மாசம் ஒரு திங்கள் வந்து எடுப்பினம். அதுக்கு முதல்நாள் ஞாயிறு, ஆனையிறவுப் பக்கம் எங்கட ஆக்கள் ஒரு ஓட்டம் வைக்கினம். அந்த ஒரு நாள் ஓடிப்போட்டுக் குடுக்கலாம் எண்டு நினைக்கிறன். உங்கட அந்த பிரேக் கட்டை கிடைக்குமே?"

மூன்று வருடம் திருத்தியவள் ஒரு நாள்கூட அந்தக் காரைத் தடத்தில் ஓட்டியதில்லை. ஒரே ஒரு ஞாயிறு. தபாலில் அனுப்பி அது எங்காவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனைவி வழக்கமான சொல்லைச் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் முல்லைத்தீவு போய்ச் சேர்ந்தேன். பேருந்து ஓட்டுநருக்கு ஹாரன் அடிக்கத் தெரியாதோ என்று வழியெல்லாம் சந்தேகம். எங்கள் ஊரில் காந்திபுரம் தாண்டுவதற்குள் காது அடைத்துவிடும். இங்கே மாடு சாலையில் படுத்திருந்தால் வண்டியை நிறுத்தி, அது எழுந்து சோம்பல் முறிக்கும்வரை காத்திருக்கிறார்கள்.

வீடு கடலுக்கும், களப்பு என்று இங்கே சொல்கிற உப்பங்கழிக்கும் நடுவில் இருந்தது. தகரக் கூரை, வாசலில் மாதா படம், பக்கத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டகை. கொட்டகைக்குள் தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள் ஜெனிற்றா. மஞ்சள் நிறக் கார். நான் கைப்பேசியில் பார்த்த ஒவ்வொரு ஆணியும் நேரில் நின்றது. சம்பந்தி வீட்டுக்கு வந்தவன்போல எங்கே கைவைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

முப்பத்தொரு வயது அவளுக்கு. குரலை வைத்து ஆள் உயரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன், என் தோளுக்குத்தான் வந்தாள். "நீங்களும் குரலில மெலிஞ்ச ஆள் மாதிரித்தான் இருந்தனீங்கள்" என்றாள்.

அப்பா அந்தோனிப்பிள்ளை, "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டார். காரைப் பற்றி நான் நாலு வார்த்தை பேசினேன். அவர் கடலைப் பார்த்தார்.

"அப்பாவுக்குக் காரில கோவமில்லை அண்ணை" என்றாள் ஜெனிற்றா பிறகு. "ஆனா மூண்டு வருசமா அதைத் தொட்டதும் இல்லை, அதைப் பற்றிக் கதைச்சதும் இல்லை. எனக்கும் என்னெண்டு கேக்கிறது எண்டு தெரியேல்ல."

அன்று இரவு புட்டும் மீன் குழம்பும். அம்மா பிலோமினா தட்டு காலியாக விடவேயில்லை. போதும் என்று நான் கையை விரித்து மறைத்தால், விரல் இடுக்கில் புட்டு விழுந்தது.

வியாழக்கிழமை காலையில் பழைய கட்டைகளைக் கழற்றிப் புதியதைப் பூட்டினோம். வேலை ஒரு மணி நேரம்தான். ஆனால் இந்த ஜாதிக் கட்டையைப் பூட்டியவுடன் நம்பி ஓட்ட முடியாது. சக்கரத்தோடு சுழல்கிற இரும்பு வட்டு ஒன்று இருக்கிறது, டிஸ்க் என்பார்கள். கட்டை அதைக் கவ்வித்தான் வண்டி நிற்கிறது. புதுக் கட்டையும் வட்டும் பழகவேண்டும். வேகமாகப் போய் அழுத்தமாக பிரேக் பிடிக்கவேண்டும், முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகமெடுக்கவேண்டும். இப்படிப் பத்துத் தடவை. அதற்குப் பிறகு வண்டியைத் தொடாமல் ஆறவிட வேண்டும்.

ஆள் நடமாட்டமில்லாத கடலோரச் சாலையில் போனோம். நான் பக்கத்து இருக்கையில். அவள் ஓட்டுவதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது என்பதை மறைப்பானேன். பிரேக்கை மிதிக்கிற கால் குத்தவில்லை, பிழிந்தது. நான் அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடமும் ஒரு வேலிக் கம்பமும் செலவாயிற்று. ஏழாவது தடவையில் கருகல் வாசனை வந்தது, எட்டாவதில் ஒரு நாய் வந்தது, பத்தாவது முடித்து மெதுவாக வீடு திரும்பினோம். கொட்டகையில் நிறுத்தியபோது முன்சக்கர வட்டுகளில் தோசை ஊற்றியிருந்தால் கருகியிருக்கும்.

"அரை மணி நேரம் யாரும் கிட்ட வரக்கூடாது அம்மணி" என்றேன். "ஓம் அண்ணை" என்றாள். உடனே கடற்கரையிலிருந்து ஒருவர் வந்து, படகு எஞ்சின் கிளம்பவில்லை என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் காருக்குக் காவல் இருந்திருக்கவேண்டும். ஆனால் சமையலறையிலிருந்து நண்டுக் கறி வாசனை வந்தது. என்னை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

நண்டுக் காலைக் கடித்துக்கொண்டிருந்தபோது வெளியே 'சுர்ர்ர்' என்று ஒரு சத்தம். முப்பது வருடம் பட்டறையில் இருப்பவனுக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். கையில் நண்டுக் காலோடு ஓடினேன்.

அந்தோனிப்பிள்ளை ஐயா முன்சக்கரத்தின் அருகே குந்தியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணீரை இடதுபுறம் ஊற்றி முடித்து, இரண்டாவதை வலதுபுறச் சக்கரத்தில் சாய்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி, கையை அணைத்து, சிந்தாமல். புகைபோல ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"கடற்கரையால ஓடி வந்திருக்கு தம்பி" என்றார் என்னைப் பார்த்து. "உப்புக் காத்து. உடன நல்லதண்ணி ஊத்தினாத்தான் அரிக்காது."

என் பின்னாலேயே வந்த பிலோமினா அம்மாதான் பெருமையாகச் சொன்னார், இந்தக் கரையில் படகு வந்து ஏறினால் முதல் தண்ணீர் எஞ்சினுக்குத்தானாம். பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி ஓடவிட்டு, மேலும் ஊற்றிக் கழுவிய பிறகுதான் கடலுக்குப் போனவர் ஒரு வாய் குடிப்பார். சூடு ஆறுவதற்குள் செய்யவேண்டும், இல்லாவிட்டால் உப்பு உள்ளே உறைந்துவிடும். வீட்டுக் கிணறு உவர். அவர் கோயில் கிணற்றுக்கு சைக்கிளில் போய் இரண்டு கான் நல்ல தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக மகளுடைய காரைத் தொட்டிருக்கிறார்.

ஆவி அடங்கியதும் சக்கரங்களைக் கழற்றி, வட்டுகளை எடுத்து, கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினேன். நல்ல வார்ப்பிரும்பு மணிபோல ஒலிக்கும். வலது வட்டு மந்தமாகப் பேசியது, அது கோணிவிட்டது. இடது வட்டு 'டொக்' என்றது. திருப்பிப் பார்த்தால் ஆணித் துளையிலிருந்து ஒரு மயிரிழை வெடிப்பு. எத்தனை பேரை என் பட்டறையில் இதற்காகத் திட்டியிருக்கிறேன், சூட்டு வார்ப்பில் தண்ணீர் தெளிக்காதே என்று. இங்கே நண்டு தின்னப் போய்விட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜெனிற்றா திரும்பி வந்தாள். ஈரத் தரை, வெறும் கான்கள், என் முகம், கயிற்றில் தொங்குகிற வட்டு. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"என்ன பிள்ளை, பழுதே?" என்றார் அப்பா.

"பழைய டிஸ்க் அப்பா" என்றாள் அவள், குரல் மாறாமல். "எப்பவோ வெடிச்சிருக்க வேணும். இப்பத்தான் தெரிஞ்சது."

அவர் தலையாட்டிவிட்டு கான்களை எடுத்துக்கொண்டு போனார். அவள் என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் வவுனியா போய், அங்கிருந்து நெளுக்குளம். பழைய வாகனங்களைப் பிரித்து விற்கிற இடங்கள் அந்தப் பக்கம் இருப்பதாக ஜெனிற்றா கேள்விப்பட்டிருந்தாள். முதல் நாலு இடத்தில் கார்ப் பெயரைச் சொன்னதுமே சிரித்தார்கள். "தங்கச்சி, அந்த ஜாதிக் கார் இஞ்ச வாறதே குறைவு, வந்தாலும் சாகிறேல்ல" என்றார் ஒருவர். எனக்கு ரோஷமாக இருந்தது. எங்கள் ஊரில் நின்றால் நானே ஒரு வட்டை வார்த்து எடுத்துவிடுவேன். இங்கே வியர்வையில் நனைந்து, பணிஸ் என்கிற பன்னைத் தின்று, பாலில்லாத பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு, இரும்புக் குவியலுக்கு முன்னால் பிச்சைக்காரன் மாதிரி நிற்கிறேன்.

ஐந்தாவது இடத்தில் ஜெனிற்றா காரைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். குவியல்களுக்குள் தானே நடந்தாள். ஒரு சாதாரணக் குடும்பக் கார், பின்புறம் நசுங்கியது, அதன் முன்சக்கரத்தடியில் குந்தினாள். "அண்ணை, உங்கட அளவுக்கருவியைத் தாங்கோ." அதே கம்பெனி, அதே காலம். வட்டின் அகலம் சரி, கனம் சரி, ஆணித் துளைகள் சரி. நடுத்துளை மட்டும் ஒரு நூல் சின்னது.

"கடைஞ்சா சரிதானே?" என்றாள்.

நன்றாகக் கடைந்தால் சரி. மோசமாகக் கடைந்தால் வட்டு ஒருபுறம் ஆடும், அழுத்தி மிதிக்கிற நேரத்தில் கார் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு வட்டையும் தட்டிப் பார்த்தேன். கோயில் மணி. வாங்கினோம்.

திரும்புகிற வழியில் நெடுங்கேணியில் இறங்கினோம். அங்கே டிராக்டர் பாகங்கள் கடைகிற லேத் ஒன்று இருந்தது. அதை வைத்திருப்பவர் முத்துசாமி. ஜெனிற்றாவின் படகு வேலைகளுக்கும் அவர்தான். நெற்றியில் விபூதியோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல லேத்து ஓட்டுறதில்லங்க. கோயிலுக்குப் போகணும். நாளைக்கு காலையில வந்துருங்க, வட்ட விட்டுட்டுப் போங்க."

பேச்சு என் காதில் தேனாக விழுந்தது. மூன்று நாளாக இலங்கைத் தமிழுக்குள் நீந்திக்கொண்டிருந்தவனுக்கு ஒரு 'ங்க' கிடைத்துவிட்டது. "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றேன் ஆவலோடு.

"நெடுங்கேணிங்க."

"அதுக்கு முன்னாடி?"

"தாத்தா காலத்துல மலையில தேயிலத் தோட்டம். நான் பொறந்தது, வளந்தது, காடு வெட்டி நெல்லுப் போட்டது எல்லாம் இங்கதாங்க." அதற்கும் முன்னால் எந்த ஜில்லா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெனிற்றா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு வீட்டில் வேலை தலைக்குமேல் இருந்தது. பிரேக் எண்ணெய் மாற்றவேண்டும், டயர்களைப் பார்க்கவேண்டும், இருக்கைப் பட்டியை இறுக்கவேண்டும். நான் தனியாகக் கிளம்பினேன். வாசலில் அந்தோனிப்பிள்ளை ஐயா சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"நானும் வாறன் தம்பி. பாரம் தூக்க ஆள் வேணும்."

முத்துசாமி அவசரப்படவில்லை. வட்டை லேத்தில் பிடித்து, ஒரு கூரான ஊசியை அருகில் நிறுத்தி, கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஊசிக்கும் வட்டுக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு தட்டு, ஒரு சுற்று. ஒரு தட்டு, ஒரு சுற்று. அரை மணி நேரம் ஆயிற்று. என் பட்டறையில் இதற்குக் கருவி இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பிறகு கடைந்தார். கறுப்புப் பொடி உதிர்ந்தது. ஐயா இயந்திரத்துக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"சூடு வருதே, தண்ணி விடுறேல்லையோ?" என்று கேட்டார்.

"இந்த இரும்புக்குத் தண்ணி ஆகாதுங்க" என்றார் முத்துசாமி, தலை நிமிராமல். "சூட்டுல பட்டா வெடிச்சிரும். அது தானா ஆறணும், நம்ம கொஞ்சம் பொறுக்கணும்."

ஐயா லேத்திலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

திரும்பும்போது வட்டுகளை உரப்பையில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். கீழே வைக்கச் சொன்னால் கேட்கவில்லை. ஒட்டுசுட்டானுக்கு முன்னால் காட்டோரம் பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். "போன கிழமை இதிலதான் யானை நிண்டது" என்றார் ஒரு பெண். "அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது, அது நிண்ட இடத்திலதானே சில்லும் வெடிக்கும்" என்றார் இன்னொருவர். நடத்துநர் ஜாக்கியைத் தேட ஆரம்பித்தார். நானும் ஐயாவும் ஒரு மரத்தடியில் நின்றோம்.

"தம்பி, நான் தண்ணி ஊத்தினதாலதானே வெடிச்சது?"

பொய் சொல்லலாம். மகள் சொன்ன பொய் கைவசம் தயாராக இருந்தது. ஆனால் வழியெல்லாம் மடியில் இரும்பைச் சுமந்த மனிதரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

"ஆமாங்க ஐயா. ஆனா தப்பு எம்மேலயும் இருக்குங்க. உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லாம சாப்பிடப் போயிட்டேன்."

"அவள் சொல்லேல்லையே."

"சொல்லமாட்டாங்க."

அவர் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "என்ர எஞ்சினுக்குத்தான் அவள் காரை விக்கிறாள். நான் விக்கச் சொல்லேல்ல, வேண்டாம் எண்டும் சொல்லேல்ல. எஞ்சின் இல்லாட்டி ஆர் கடலுக்குப் போறது, ஆர் உழைக்கிறது. எனக்கு அவளின்ர முகத்தைப் பாக்கக் கஷ்டமாயிருந்தது. காருக்காவது ஏதும் செய்வம் எண்டு கோயில் கிணத்துக்குப் போனனான்." கொஞ்சம் நிறுத்தினார். "அவளுக்கு இருக்கிறது ஒரு நாள். அதையும் நான் பழுதாக்கப் பாத்திட்டன்."

ஜாக்கி கிடைக்கவில்லை என்று நடத்துநர் கத்தினார். ஐயா பையை என் கையில் கொடுத்துவிட்டு, காட்டுக் கட்டை ஒன்றை நெம்புகோலாக வைத்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பேருந்தைத் தூக்க ஏற்பாடு செய்தார். கரையில் படகு ஏற்றிப் பழகிய தோள். நான் பையோடு நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லி உதவினேன்.

சாயங்காலம் வட்டுகள் அளந்து செய்ததுபோல உட்கார்ந்தன. மறுபடி அதே சாலை, அதே பத்துத் தடவை. அதே நாய். பெடலில் ஒரு அதிர்வு இல்லை. திரும்பி வந்து நிறுத்தியதும் ஐயா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோழி வந்தால் துரத்தினார். பிலோமினா அம்மா கை கழுவிய தண்ணீரை வாசலில் வீச வந்தபோது, "அங்கால போம், அங்கால போம்" என்று எழுந்து நின்றுவிட்டார். "என்ன இது, காருக்குப் பிள்ளை பிறந்திருக்கோ?" என்றார் அம்மா. ஜெனிற்றா அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் மும்முரமாகக் கருவிகளைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. காரை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். ஆனையிறவுக்குத் தெற்கே, மூடிக் கிடந்த ஒரு தனியார் நெல் களஞ்சியம். பெரிய கான்கிரீட் முற்றம், அதைச் சுற்றி உள்சாலை. பழைய டயர்களை அடுக்கி வளைவுகள் செய்திருந்தார்கள். எங்கள் ஊர்த் தடத்தோடு ஒப்பிட்டால் பிள்ளை விளையாட்டு என்று முதலில் நினைத்தேன். ஓரமாக நடந்து பார்த்ததும் நினைப்பை மாற்றிக்கொண்டேன். உப்புக் காற்று கான்கிரீட்டில் மெல்லிய தூளைப் பரப்பியிருந்தது. பிரேக் மட்டும் மோசமாக இருந்தால் நேரே களஞ்சியச் சுவர்தான்.

இருபது கார் இருக்கும். பாதி கொழும்பிலிருந்து வந்த பையன்கள். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் சோதித்தார்கள். சோதித்தவர் குனிந்து எங்கள் முன்சக்கரத்தைப் பார்த்தவர் நிமிரவேயில்லை.

"தங்கச்சி, இது வேற காரின்ர டிஸ்க்."

"ஓம்."

"இதோட விட ஏலாதே."

ஐயா இரண்டடி முன்னால் வந்தார். ஜெனிற்றா அசையவில்லை. "அளந்து பாருங்கோ. ஆடினா நான் ஏத்திக்கொண்டு போறன்" என்றாள். அவர் முள் வைத்த அளவுமானி ஒன்றைக் கொண்டுவந்து வட்டில் பொருத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். முள் நடுங்கக்கூட இல்லை. மற்றச் சக்கரம். அதுவும் அப்படியே.

"ஆர் கடைஞ்சது?"

"நெடுங்கேணி முத்துசாமி அண்ணை."

"ஆளின்ர நம்பரைத் தாங்கோ" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் பச்சைச் சீட்டை ஒட்டினார்.

முதல் ஓட்டத்தில் அவள் பயந்து பயந்து ஓட்டினாள். கொழும்புப் பையன்கள் எல்லோரும் முந்திப் போனார்கள். இரண்டாவதில் வளைவுகளைப் படித்தாள். மூன்றாவதில், களஞ்சியச் சுவரை நோக்கிப் போகிற நீண்ட நேர்ப்பாதையில், மற்றவர்கள் பிரேக் பிடிக்கிற இடம் தாண்டியும் அந்த மஞ்சள் கார் போய்க்கொண்டேயிருந்தது. என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பிறகு மூக்கைத் தாழ்த்தி, ஒரு கோணலில்லாமல், டயர் அடுக்கை உரசுவதுபோல் திரும்பிப் போனாள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே மாதிரி. ஓரமாக நின்ற பையன்கள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

கடைசி ஓட்டத்துக்கு முன்னால் தலைக்கவசத்தை என்னிடம் நீட்டினாள். "அண்ணை, இது நீங்கள் ஓடுங்கோ. இவ்வளவு தூரம் வந்தனீங்கள்."

ஆசை எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சொந்தக் கையுறையைக்கூடப் பையில் வைத்திருந்தேன். "முட்டி வலிக்குது அம்மணி. நீயே போ" என்றேன். எந்த முட்டி என்று கேட்டாள். இரண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே போய் ஏறினாள்.

ஓடி முடித்து வந்தவள் உடனே இறங்கவில்லை. நான் ஜன்னலருகே போனேன்.

"மூண்டு வருசமா இதைத் திருத்தினனான் அண்ணை. இது என்னத்துக்கு எண்டு இண்டைக்குத்தான் விளங்கினது." ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கு இப்ப அழுகை வரப்போகுது. பாத்தும் பாக்காத மாதிரி நில்லுங்கோ."

அப்படியே நின்றேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

சற்றுத் தள்ளி நல்ல தண்ணீர்க் கானோடு ஐயா நின்றார். விடியுமுன் கோயில் கிணற்றில் நிரப்பிக் கொண்டுவந்தது. காலையிலிருந்து அதிலிருந்து ஒரு மிடறு குடிக்கவில்லை. "இப்ப ஊத்தலாமே தம்பி?" என்றார். இன்னும் இல்லைங்க என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. வட்டைத் தொட்டுப் பார்த்து, இப்ப ஊத்துங்க என்றேன். அவர் சக்கரம் சக்கரமாக, உப்புத் தூள் போகும்வரை, துணியால் துடைத்துத் துடைத்துக் கழுவினார். மிச்சமிருந்த தண்ணீரை மகளுக்குக் கொடுத்தார். கடைசியில்தான் தான் குடித்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காரை வாங்குகிறவர் வவுனியாவிலிருந்து வந்தார். இளம் பல் வைத்தியர், நல்ல பிள்ளையாகத் தெரிந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், முகம் மலர்ந்து போயிருந்தது. ஜெனிற்றா அவருக்கு எண்ணெய், டயர், பிரேக் என்று எல்லாவற்றையும் ஒரு வைத்தியர் நோயாளியிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். முந்தின நாள் அழுத முகத்தின் சுவடே இல்லை. சொல்லி முடித்துக் கார்ச் சாவியை நீட்டப்போனாள்.

"தம்பி, இன்னொண்டு" என்றார் அந்தோனிப்பிள்ளை ஐயா. மூன்று வருடத்தில் காரைப் பற்றி மகளுக்கு முன்னால் அவர் யாருக்கும் சொன்ன முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கவேண்டும். "ஓடி வந்த கையோட தண்ணி ஊத்திப்போடாதேங்கோ. டிஸ்க் வெடிச்சிடும். அரை மணித்தியாலம் பொறுத்து ஊத்துங்கோ."

"அப்பிடியே ஐயா? எனக்குத் தெரியாது" என்றார் வைத்தியர்.

"எனக்கும் தெரியாமத்தான் இருந்தது" என்றார் ஐயா.

ஜெனிற்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தென்னைமரத்தைப் பார்த்தேன். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவள் சாவியை வைத்தியரிடம் கொடுக்காமல், நாலடி நடந்துபோய் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே குடுங்கோ அப்பா" என்றாள். "நல்ல வடிவாச் சொன்னீங்கள்."